தளம் நின்றால் யார் சொல்வது?

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது டீக்கடைப் பேச்சுக்கு அவசரம் கிடையாது. அப்படி ஒரு பேச்சில், பாரம்பரிய நெல்விதையும் அரிசியும் ஆன்லைனில் விற்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, சிங்கப்பூர்லேருந்து ஒருத்தர் போன் பண்ணி, உங்க வெப்சைட் ரெண்டு நாளா திறக்கலைங்கிறார். எனக்குத் தெரியவே இல்லை. அது நின்னவுடனே நமக்குத் தானா தகவல் வராதா?"

வரும். அதற்கான ஏற்பாடு எளிது, செலவும் குறைவு. ஆனால் அதன் அடிப்படையைப் புரிந்துகொண்டு செய்தால்தான் பலிக்கும். வயல் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கரண்ட் வந்ததை அந்தப் பெட்டி போனில் சொல்லிவிடும். கரண்ட் போனதைச் சொல்ல வேண்டுமானால் அதற்குள் தனி பேட்டரி இருக்க வேண்டும். எதைக் கவனிக்கிறோமோ அதையே நம்பி உயிர்வாழும் காவலாளி, அது சாகும்போது கூடவே செத்துப்போவான். ஆகவே தளத்தைக் கவனிப்பவர் தளத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

வேலை நடக்கும் விதம் இதுதான். வெளியூரில் இருக்கும் ஒரு கணினி, நிமிடத்துக்கு ஒருமுறையோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையோ உங்கள் தளத்தைத் திறந்து பார்க்கும். எல்லாம் சரி என்றால் உங்கள் சர்வர் 200 என்ற எண்ணைப் பதிலாகத் தரும். 500, 503 போன்ற எண்கள் வந்தால் உள்ளே கோளாறு. குறிப்பிட்ட விநாடிகளுக்குள் பதிலே வராவிட்டாலும் கோளாறுதான். உடனே கத்திவிடாமல், வேறொரு ஊரிலிருந்தும் ஒருமுறை சரிபார்ப்பது நல்ல சேவையின் அடையாளம். இரண்டு இடத்திலிருந்தும் திறக்கவில்லை என்றால்தான் உங்களுக்கு எஸ்.எம்.எஸ்., டெலிகிராம் செய்தி அல்லது போன் அழைப்பு வரும்.

200 வந்துவிட்டால் நிம்மதி என்றும் இருந்துவிட முடியாது. பக்கம் வெறுமையாக இருந்தாலும் சர்வர் சில நேரம் 200 என்றே சொல்லும். அதனால் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு சொல்லைத் தேடச் சொல்லலாம். தம்பியின் தளத்தில் 'மாப்பிள்ளைச் சம்பா' என்ற பெயர் காணாமல் போனால் அதுவே அபாயக்குறி.

இந்தத் தொழிலில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2006 முதல் 'சைட்24x7' என்ற கண்காணிப்புச் சேவையை நடத்துகிறது. உலகின் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து அது தளங்களைத் தட்டிப் பார்க்கிறது. அந்த ஸோஹோவுக்கே நேர்ந்த ஒரு சம்பவம் நமக்குப் பெரிய பாடம். 2018 செப்டம்பர் 24 அன்று ஸோஹோ.காம் உலகெங்கும் திறக்கவில்லை. சர்வர்கள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. மோசடி மின்னஞ்சல் புகார்களைக் காட்டி, அந்தப் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த டியராநெட் என்ற அமெரிக்க நிறுவனம் பெயரையே முடக்கிவிட்டது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. பெயர் மீண்ட பிறகும், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். ஏற்பாடு எல்லா ஊர்களிலும் புதுப்பிக்கப்படும்வரை பலருக்குத் தளம் திறக்கவில்லை.

ஒரு தளம் நிற்பதற்கு சர்வர் மட்டும் காரணமல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. டொமைன் பெயரின் ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்தாலும் தளம் நிற்கும். பூட்டுக்குறிக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானாலும், வாடிக்கையாளர் திரையில் எச்சரிக்கை வந்து அவர் திரும்பிப் போய்விடுவார். 'லெட்ஸ் என்கிரிப்ட்' இலவசமாகத் தரும் வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாள்தான். அது காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்புவதையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. எனவே கண்காணிப்புச் சேவையில் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துக் கவனிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. எச்சரிக்கை வரும் மின்னஞ்சல் முகவரி உங்கள் டொமைன் பெயரிலேயே இருந்தால், பெயர் முடங்கும் நாளில் அந்தக் கடிதமும் வந்து சேராது. பெரிய நிறுவனங்களே இப்படி மாட்டியிருக்கின்றன. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை சில மணி நேரம் முடங்கியது. சேவைகளின் நிலையை அறிவிக்கும் அமேசானின் பலகையை மாற்றும் ஏற்பாடும் அதே எஸ்3-ஐ நம்பி இருந்ததால், பழுதானதைப் பலகையில் உடனே காட்ட முடியவில்லை. 'அப்டைம் கூமா' போன்ற இலவச மென்பொருளை நிறுவிச் சொந்தமாகக் கண்காணிக்க நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். கடைத் தளம் இருக்கும் சர்வரிலேயே அதைப் போட்டால் பயனில்லை.

சொல்கிறவர் வெளியே இருந்தால் போதுமா? கேட்கிறவர் எங்கே இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஸோஹோ சம்பவம் நடந்த அதே 2018-இல், நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கானது, செல்போன் கோபுரங்களும் செயலிழந்தன. அப்படி ஒரு நாளில் மும்பையில் உள்ள சர்வர் ஓடும், கண்காணிப்புச் சேவையும் எச்சரிக்கை அனுப்பும். நம் போனில் சிக்னல் இருக்காது. ஆகவே இரண்டாவது எண் ஒன்று தேவை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகனோ, சென்னையில் இருக்கும் அக்காவோ, டெல்டாவுக்கு வெளியே இருக்கும் நம்பகமான ஒருவரின் எண்ணாக அது இருக்கட்டும். யாருக்குப் போன் செய்ய வேண்டும், எங்கே கட்டணம் கட்ட வேண்டும் என்பதை அவரிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

சிறு கடைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது போதும். 99.9 சதவீதம் ஓடும் தளம்கூட மாதத்துக்கு 43 நிமிடம் நிற்கலாம். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிமிடத் தடங்கலுக்கெல்லாம் போன் அடித்தால் நாளடைவில் அதை எடுக்கவே மாட்டோம். பத்து நிமிடம் தொடர்ந்து நின்றால் மட்டும் அழைக்கும்படி வைப்பது நல்லது. இலவசச் சேவைகளில் சில, சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. கடைக்குப் பயன்படுத்தும் முன் விதிமுறையைப் படியுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. மேட்டூர் அணை திறப்பதற்கான வழக்கமான நாள் ஜூன் 12. குறுவைக்கு விதை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கும் முன், மே மாதத்தில் வியாபாரம் மந்தமான ஒரு மதியம் தளத்தை நீங்களே கால் மணி நேரம் நிறுத்துங்கள். உங்கள் போனும், வெளியூரில் இருப்பவரின் போனும் அடிக்கிறதா என்று பாருங்கள். அடிக்காவிட்டால் அன்றைக்கே சரிசெய்துவிடலாம், ஒரு வாடிக்கையாளரைக்கூட இழக்காமல்.