முந்திச் செல்லும் வாகனமும் வீதியோரத்தில் நாமும்

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதியை எம்மிற் பலர் நெடுங்காலம் வேறொரு கோலத்திலேயே கண்டிருந்தோம். சைக்கிள்களும், மாட்டு வண்டிகளும், மண்ணெண்ணெயில் ஓடிய சில வாகனங்களுமே அன்று வன்னியில் அவ்வீதியிற் சென்றன. போர்க்காலத்தில் மூடப்பட்டிருந்த வீதி 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்ட் மாதம் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னர் அது திறக்கப்பட்டு, கார்ப்பெற் வீதியாகப் புனரமைக்கப்பட்டது. இன்று இரவு பகலாகப் பஸ்களும் லொறிகளும் அதில் விரைகின்றன.

இடம்பெயர்ந்து திரும்பி வந்த குடும்பங்கள் பல இவ்வாறான வீதிகளின் ஓரத்திலேயே வாழ்கின்றன. வயலுக்கும், பாடசாலைக்கும், சந்தைக்கும் செல்வதற்கு இதே வீதியைத்தான் நாம் பயன்படுத்துகிறோம். வீதி மாறிவிட்டது, ஆனால் வீதியைப் பார்க்கும் எமது பழக்கம் மாறவில்லை. ஆதலால், ஒரு வாகனம் மற்றொன்றை முந்தும்போது என்ன நடைபெறுகிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

முந்துவதற்கு எவ்வளவு தூரம் வேண்டும்?

எமது வீதிகளிற் பெரும்பாலானவற்றில் போவதற்கு ஒரு நிரலும் வருவதற்கு ஒரு நிரலும் மாத்திரமே உண்டு. நடுவிலே தடுப்பு இல்லை. ஆகவே முந்துகின்ற வாகனம், எதிரே வருபவருக்கு உரிய பக்கத்திற்குள் சிறிது நேரம் புகுந்தே ஆகவேண்டும்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு லொறி செல்கிறது. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் அதை முந்துகிறது. லொறியின் பின்னாலுள்ள இடைவெளி, இரு வாகனங்களின் நீளம், முன்னே சென்று மீண்டும் உள்ளே வருவதற்கான இடைவெளி ஆகியவற்றைக் கூட்டினால், பஸ் லொறியைவிடச் சுமார் 60 மீற்றர் கூடுதலாக ஓட வேண்டும். வேக வித்தியாசம் 20 கிலோமீற்றர் மாத்திரமே. எனவே இதற்கு ஏறக்குறைய 11 செக்கன் செல்லும். அந்த நேரத்தில் பஸ் 200 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். எதிரேயும் அதே வேகத்தில் ஒரு வாகனம் வந்தால் அதுவும் 200 மீற்றருக்கு மேல் நெருங்கிவிடும். ஆகவே, முந்தத் தொடங்கும்போது 400 மீற்றருக்கு மேல், அதாவது பழைய கணக்கில் கால் மைலுக்கு மேல், வீதி வெறுமையாகத் தெரிய வேண்டும். வளைவிலோ, மதகு ஏற்றத்திலோ, மழை இருளிலோ இவ்வளவு தூரம் தெரிவதில்லை.

சாரதிகள் ஏன் துணிகிறார்கள்?

இக்கணக்கு தெரியாமற் பலர் முந்துகிறார்கள். தெரிந்தும் முந்துபவர்களும் உளர். ஒரே வழியில் ஓடும் பஸ்கள் அடுத்த தரிப்பில் நிற்கும் பயணிகளுக்காகப் போட்டியிடுகின்றன. மெதுவாகச் செல்லும் வாகனத்தின் பின்னால் நெடுநேரம் சென்றவர் பொறுமையிழந்து, கிடைக்கும் சிறு இடைவெளியிலும் வெளியே எடுக்கிறார். முன்னால் ஒருவர் முந்திவிட்டார் என்பதற்காக, எதிரே பாராமல் அவரைத் தொடர்ந்து செல்கிறார் இன்னொருவர். எதிரே வரும் மோட்டார் சைக்கிள் சிறிதாகத் தெரிவதால், அது இன்னும் தூரத்தில் வருவதாக எண்ணிவிடுவதும் உண்டு.

பயணிகளாகிய எமக்கும் இதில் பங்கு உண்டு. "அண்ணை, அந்த பஸ்ஸை விடாதேங்கோ" என்று சாரதியை உசுப்புபவர்கள் எம்மிடையே இல்லையா? அப்படி முந்திப் பெறுவது சில நிமிடங்களே. பஸ்ஸில் இருப்பவர்கள் சேர்ந்து "தம்பி, ஆறுதலாகப் போங்கோ" என்று சொன்னால் சாரதி அதைச் செவிமடுக்கக் கூடும்.

நாம் பாராத பக்கத்தால் வரும் ஆபத்து

இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்கின்றன. எந்த வாகனம் எந்தப் பக்கத்தால் வரும் என்பதை நாம் பழக்கத்தால் அறிவோம். முந்துகின்ற வாகனம் இந்தப் பழக்கத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. மூன்று சந்தர்ப்பங்களை இங்கு குறிப்பிடுகிறோம்.

முதலாவது, ஒழுங்கையிலிருந்து சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்து பிரதான வீதியில் இடப்பக்கம் திரும்புதல். வலப்பக்கத்தைப் பார்க்கிறோம், வாகனம் இல்லை, உடனே ஏறிவிடுகிறோம். ஆனால் இடப்பக்கத்திலிருந்து ஒரு வான் இன்னொன்றை முந்திக்கொண்டு எமது பக்கத்திலேயே நேருக்கு நேராக வந்துகொண்டிருக்கலாம். ஆகவே இடப்பக்கம் திரும்புவதானாலும் இரு பக்கமும் பார்த்த பின்னரே ஏற வேண்டும்.

இரண்டாவது, வீதியோரமாக நடத்தல். நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடப்பதே நல்ல முறை. ஆயினும் எமக்குப் பின்னால் வரும் வாகனம் ஒன்று முந்தத் தொடங்கினால், அது நாம் நடக்கும் பக்கத்திற்கே வரும். பின்னால் கோர்ன் சத்தமோ இரைச்சலோ கேட்டால் உடனே தார் விளிம்பைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதை நேரிற் கூட்டிச் சென்று காட்டிக் கொடுங்கள். வாயாற் சொல்வது மாத்திரம் போதாது.

மூன்றாவது, உழவு இயந்திரத்துடன் வலப்பக்கமுள்ள வயலுக்கோ ஒழுங்கைக்கோ திரும்புதல். விவசாயிகளாகிய நாம் மிகவும் கவனிக்க வேண்டியது இதுவே. மெதுவாகச் செல்லும் உழவு இயந்திரத்தைக் கண்டதும் பின்னால் வருபவர் முந்தவே நினைப்பார். அவர் வலப்பக்கத்தால் வரும் அதே நேரத்தில் நாம் வலப்பக்கம் திருப்பினால் மோதல் தவிர்க்க முடியாததாகிவிடும். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் 100 மீற்றர் பின்னால் வரும் பஸ், மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் எம்மை 7 செக்கனுக்குள் எட்டிவிடும். பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் வீதியைக் கடந்து முடிக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் செல்லும். இயந்திர இரைச்சலில் கோர்ன் சத்தமும் கேட்பதில்லை. பெட்டியில் வைக்கோல் ஏற்றியிருந்தால் நாம் காட்டும் கையும் பின்னால் வருபவருக்குத் தெரியாது.

நாம் செய்யக்கூடியவை

வலப்பக்கம் திரும்புமுன் உழவு இயந்திரத்தை இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்துங்கள். முன்னும் பின்னும் நன்றாகப் பாருங்கள். வீதி வெறுமையான பின்னரே கடவுங்கள். இதற்குச் செல்லும் ஒன்றிரண்டு நிமிடங்களால் எந்த வேலையும் கெட்டுப்போகாது. பின்னாற் பார்க்கக்கூடிய கண்ணாடியைச் சற்று வெளியே நீட்டிப் பூட்டிக்கொள்ளுங்கள்.

பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டால், அகலமான இடத்தில் ஒதுங்கி அவற்றைப் போகவிடுங்கள். கார்ப்பெற் விளிம்பு உயரமாகவும் ஓரம் பள்ளமாகவும் உள்ள இடத்தில் மாத்திரம் பாரத்துடன் ஒதுங்க வேண்டாம், பெட்டி சரிந்துவிடும். எம்மை ஒருவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டாமல், வேண்டுமானாற் சற்றுக் குறைத்து, அவர் உள்ளே வர இடம் கொடுக்க வேண்டும். அவர் செய்தது பிழையாக இருந்தாலும், எதிரே வருபவர் பிழை செய்யாதவர் அல்லவா?

அரிவி வெட்டுக் காலத்தில் இரவிலும் நெல் ஏற்றுகிறோம். பெட்டியின் பின்புறம் இரு மூலைகளிலும், முக்கியமாக வலது மூலையில், சிவப்பு ஒளித்தெறிப்புப் பட்டி ஒட்டுங்கள். தொங்கும் சாக்கும் வைக்கோலும் அதை மறைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிளின் பின் மட்கார்ட்டிலும் ஒரு துண்டு ஒட்டலாம். மாடுகளை இரவில் கட்டி வைப்பது மாட்டையும் காக்கும். மோட்டார் சைக்கிளில் வருபவரையும் காக்கும்.

வாகனம் ஓட்டும் எமது இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நடுவே தொடர்ச்சியான வெள்ளைக் கோடு உள்ள இடத்தில் முந்த வேண்டாம். பாதசாரிக் கடவையில் ஒரு வாகனம் நின்றால் அதைக் கடந்து செல்ல வேண்டாம். அதன் மறைவில் ஒரு பிள்ளை வீதியைக் கடந்துகொண்டிருக்கலாம். கால் மைல் தெளிவாகத் தெரியவில்லையா? பின்னாலேயே செல்லுங்கள்.

எத்தனையோ இடப்பெயர்வுகளைத் தாண்டி உயிரோடு ஊர் திரும்பியவர்கள் நாம். அப்படிக் காத்து வந்த உயிரைச் சில செக்கன் அவசரத்திற்குக் கொடுக்கலாமா? இன்று மாலையே உங்கள் ஒழுங்கை முகப்பிற்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று, இரு பக்கமும் பார்க்கப் பழக்குங்கள்.