பச்சை நீரில் மூச்சடைத்த பவளம்

2019 செப்டம்பரில் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம், பாம்பன் பகுதியில் மன்னார் வளைகுடாக் கடல் பச்சையாகத் திரண்டது. மீன்கள் செத்து மிதந்து கரை ஒதுங்கின. பூங்கோரை வந்துவிட்டது என்றார்கள் கடலோர மக்கள். நாக்டிலூகா சிண்டிலன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிர் கோடிக்கணக்கில் பெருகுவதால் நேர்வது அது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஆகஸ்டில், சென்னைக் கடற்கரையில் இரவு அலைகள் நீலமாக ஒளிர்வதைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. அந்த ஒளிக்கும் நாக்டிலூகாவே காரணம் என்று சொல்லப்பட்டது.

செத்த மீன்களை ஊரே பார்த்தது. நீருக்கடியில் பவளம் செத்ததைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிங்கில் தீவு, குருசடைத் தீவுப் பகுதிகளில் மூழ்கிப் பார்த்தபோது, கிளைவிட்டும் தட்டுத்தட்டாகவும் வளரும் பவளங்கள் கூட்டம் கூட்டமாக மடிந்திருந்தன. திரவிய ராஜ், பேட்டர்சன் எட்வர்ட் உள்ளிட்டோர் எழுதிய அந்த ஆய்வு 2020இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியானது. பவளத்தைக் கொன்றது வெப்பம் அல்ல, நீரில் ஆக்சிஜன் இல்லாமல் போனதுதான் என்பது அதன் முடிவு.

இந்த முடிவை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பவளம் செத்தது என்று செய்தி வந்தாலே நம் மனம் புவி வெப்பமாதலுக்குப் போய்விடுகிறது. அது தவறும் இல்லை. ஆனால் உலக வெப்பத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், பவளத்தைச் சுற்றியுள்ள தண்ணீர் எப்படி இருக்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும். நாம் கைவைத்துச் சரிசெய்யக்கூடியது அந்தத் தண்ணீரைத்தான்.

ஆக்சிஜன் எப்படிக் காணாமல் போகிறது? நல்ல கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 5, 6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அது 2 மில்லிகிராமுக்கும் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு மூச்சு முட்டும். நாக்டிலூகா வெறும் கண்ணுக்கே சிறு புள்ளியாகத் தெரியும் அளவு பெரியது. அதன் பச்சை வகை, தன் உடலுக்குள்ளேயே ஒரு நுண்பாசியை வைத்துக்கொண்டு பகலில் ஒளிச்சேர்க்கை செய்கிறது; கூடவே மற்ற நுண்ணுயிர்களையும் விழுங்குகிறது. இரண்டு வழியிலும் உணவு கிடைப்பதால் வேகமாகப் பெருகுகிறது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். ஆனால் சுவாசம் நிற்பதில்லை. பிறகு அது மொத்தமாகச் சாகும்போது, அழுகும் உடல்களைத் தின்ன பாக்டீரியாக்கள் பெருகி, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கின்றன. அழுகலில் அமோனியாவும் வெளியேறுகிறது. ஆழமில்லாத, நீரோட்டம் மந்தமான இடமாக இருந்தால் புது நீர் வந்து கலப்பதும் தாமதமாகும். நீந்தத் தெரிந்த மீன் தப்பி ஓடலாம். பாறையில் ஒட்டி வாழும் பவளத்துக்கு ஓடும் வழி இல்லை.

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து உணவு தருகிறது, நிறமும் அதனால்தான். ஒரு பகுதியின் வழக்கமான கோடை உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். உடனே சாவதில்லை. தண்ணீர் குளிர்ந்தால் மீளும். மன்னார் வளைகுடாவில் ஏப்ரல், மே மாதங்களில் வெளுக்கும் பவளம், தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கிக் குளிர்வித்த பிறகு நிறம் திரும்புவது பல ஆண்டுகள் கண்ட வழக்கம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெப்பம் அந்த எல்லையைத் தாண்டிப் பெரும் சேதம் செய்தது.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றித்தான் இந்தப் பவளப் பார்கள். 1986இல் கடல் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட பகுதி. அறிவிப்புக்குப் பிறகும் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் சேர்க்கப்பட்டது. 2004 சுனாமி, பார்கள் கரைக்கு எப்படிப்பட்ட அரண் என்பதைக் காட்டிய பின்னரே வெட்டுவது ஏறக்குறைய முற்றாக நின்றது. அந்த 21இல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் அதற்குள் கடலில் மூழ்கிப்போயின.

பேட்டர்சன் எட்வர்டும் அவருடைய குழுவினரும் 2003 முதல் 2005 வரை இந்த 21 தீவுகளையும் நீருக்கடியில் சென்று அளந்தார்கள். பின்னாளில் வந்த எல்லா ஒப்பீட்டுக்கும் அந்தக் கணக்கே அடிப்படை. வேலை பெரும் பொறுமை கேட்பது. பாரின் மேல் அளவு நாடாவை விரித்து, அதன் கீழே உயிருள்ள பவளம் எவ்வளவு, செத்தது எவ்வளவு, பாசி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று குறிக்கிறார்கள். நாடாவின் இரு பக்கமும் நீந்தும் மீன்களை இனம் பிரித்து எண்ணுகிறார்கள். படிந்து இறங்கும் வண்டலைக் குழாய்களில் பிடித்து எடை போடுகிறார்கள். வெப்பம், உப்பு, கலங்கல், ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட் தனி. ஒருநாள் அளவு மட்டும் இருந்தால் அது எதையும் சொல்லாது. முந்தைய ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்தால்தான் ஒரு பாரில் எத்தனை பவளம் செத்தது என்றே சொல்ல முடியும்.

வண்டலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கலங்கிய நீரில் ஒளி குறையும். பவளத்துக்குள் இருக்கும் பாசியின் உணவு உற்பத்தி குறையும். மேலே படியும் மண்ணை வழுவழுப்பான சளியைச் சுரந்து பவளம் தள்ளிவிடுகிறது. வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் போக வேண்டிய சத்து இந்தத் துப்புரவு வேலையில் கரைந்துபோகும். புதிதாக வந்து ஒட்ட இடம் தேடும் பவள இளவுயிரிக்கோ மண் படிந்த பாறையில் பிடிப்பே கிடைக்காது. சாக்கடையும் வயல் உரமும் கொண்டுவரும் நைட்ரஜன், பாஸ்பரஸ் இன்னொரு வகைக் கேடு: பாறையில் பாசி செழிக்கிறது, பவளத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

மீன் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். கிளிமீனும் ஓராவும் பாறையில் படரும் பாசியை மேய்கின்றன. அவை மேய்ந்த இடத்தில்தான் பவளக் குஞ்சு ஒட்டும். சிறு கண்ணி வலையில் இவற்றை வாரிவிட்டு, கழிவுநீரையும் உள்ளே விட்டால் பாசிக்கு உரமும் கிடைக்கிறது, மேய்ச்சலும் இல்லாமல் போகிறது. பவளம் குறைந்தால் அதன் கிளைகளுக்குள் ஒளிந்து வளரும் குஞ்சு மீன்களும் குறையும். நாட்டுப்படகில் பார்மீன் பிடித்துப் பிழைப்பவர்களின் வீட்டுக்கே வந்து சேரும் இழப்பு இது.

தண்ணீரைச் சுத்தமாக வைத்தால் பவளம் வெளுக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2016இல் ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டு வெளுத்தபோது, டெர்ரி ஹியூஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் அதைத்தான் சோதித்தார்கள். நல்ல நீர் உள்ள இடமும் மீன்பிடி தடைசெய்யப்பட்ட இடமும் கடும் வெப்பத்திலிருந்து கிட்டத்தட்ட எந்தப் பாதுகாப்பும் பெறவில்லை என்று 2017இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஆனால் வெளுத்துச் செத்த பிறகு வெற்றுப் பாறை மறுபடி பவளமாகுமா, பாசிக்காடாகுமா என்பது வேறு கேள்வி. அதில் நீருக்கும் மேயும் மீனுக்கும் பெரும் பங்கு உண்டு.

மன்னார் வளைகுடாவில் இன்று அந்தக் கேள்விதான் நிற்கிறது. 2016இல் வெப்பத்தில் செத்தவையும் 2019இல் ஆக்சிஜன் இன்றிச் செத்தவையும் பெரும்பாலும் ஒரே வகை: அக்ரோபோரா, மாண்டிபோரா, போசிலோபோரா போன்ற வேகமாக வளரும் பவளங்கள். உருண்டையாக, மெதுவாக வளர்பவை கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன. வேகமாக வளர்பவை சில ஆண்டு நல்ல நீர் கிடைத்தால் திரும்பி வரக்கூடியவைதாம். தூத்துக்குடிக் குழுவினர் உடைந்த கிளைகளைச் சிமென்ட் சட்டங்களில் கட்டி வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெரும் பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டுவிட்டது. இரண்டு வெப்பங்களுக்கு நடுவே கிடைக்கும் ஆண்டுகள் மிகக் குறைவு.

அந்த ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டியவை இந்தக் கரையில்தான் இருக்கின்றன. கடலோர ஊர்களின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் கடலுக்குள் போகக் கூடாது. மேயும் மீன்களைக் குஞ்சிலேயே வாரும் வலைகள் பார்களுக்கு மேல் விழக் கூடாது. ஆக்சிஜன் மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்புதான். ஆய்வாளர்கள் மூழ்குவதோ பகல் வெளிச்சத்தில். எனவே தீவுகளுக்கு அருகே இரவும் பகலும் அளந்துகொண்டே இருக்கும் கருவிகள் வேண்டும். நீரின் நிறம் மாறுவதை முதலில் பார்ப்பவர்கள் விடியலுக்கு முன்பே கடலில் இருக்கும் மீனவர்கள். அவர்கள் சொல்வது அன்றைக்கே ஆய்வகத்துக்குப் போய்ச் சேர ஒரு வழியும் வேண்டும்.