ஓரெழுத்துப் பிழை

ஏடு பெயர்த்தெழுதுவோன் ஓரெழுத்தை மாற்றினால் பாட்டின் பொருள் கெடும். உடலிலோ உயிருக்கே இடர். கலத்தின் கருவினுள் டி.என்.ஏ. என்னும் மூலவேடு உளது. அதற்கு எழுத்து நான்கே. (நம் தமிழுக்கு 247!) வேண்டிய பகுதி ஆர்.என்.ஏ. என்னும் படியாக வெளிவரும். இறைபோசோம் அதனை மும்மூன்று எழுத்தாக வாசித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும். இறைபோசோமின் அமைப்பைக் கண்டு 2009இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன்.

குருதியின் ஈமோகுளோபினில் பீட்டா இழைக்கு 146 அமினோ அமிலங்கள். இருபத்தாறாம் சொல்லின் முதலெழுத்துத் திரிந்தால் ஈமோகுளோபின் 'ஈ' பிறக்கும். இலங்கையில் இஃது அரிதன்று. தனித்திருப்பின் தீங்கில்லை, பீட்டா தலசீமியாவுடன் சேரின், குழந்தை வாழ்நாளெல்லாம் பிறர் குருதியை நம்பி வாழ நேரலாம். கல்முனைக் கரையில் மணம் பேசுங்கால் சீதன வீட்டின் சுவர்வரை ஆராய்வோர், குருதிச் சோதனையை நினைப்பது அரிது. ஒருவர் 'ஈ'யும் மற்றவர் தலசீமியாவும் தாங்கியோராயின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்விடர் நேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.