பானட்டுக்குள்ளே – 17: குளிர்கிறது என்று சொன்ன வண்டி

எங்கள் வண்டியைக் கிளப்பியதும் டாஷ்போர்டில் நீல நிறத்தில் ஒரு தெர்மாமீட்டர் படம் எரியும். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று அர்த்தம். ஸ்ரீரங்கம் மேல அடையவளஞ்சான் வீதியிலிருந்து புறப்பட்டு ராஜகோபுரத்துக்கு முன்னால் வருவதற்குள் அது அணைந்துவிடும். எட்டு வருஷமாக அப்படித்தான். போன சித்திரையில் ஒருநாள் அம்மா மண்டபம் சாலை முழுக்க எரிந்துகொண்டே வந்து, மாம்பழச் சாலையில்தான் அணைந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வண்டி மட்டும் குளிர்கிறது என்கிறது. வயசாகிறது போல என்று விட்டுவிட்டேன்.

கூடவே மைலேஜும் இறங்கியது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது 12-க்கு வந்தது. பெட்ரோல் விற்கிற விலைக்கு இது கட்டுப்படியாகாது, இனிமேல் ஊருக்குள் ஏசி போடுவதில்லை என்று வீட்டில் தீர்மானம் போட்டோம். அந்தத் தீர்மானம்தான் என்னைக் காவிரிப் பாலத்தில் நிறுத்தியது.

கத்திரி வெயில். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற வண்டிகள் பாலத்தின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்கின்றன. கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே ஆற்றில் மணல்தான். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-க்குத் திறந்தால்தான் தண்ணீர். பத்து நிமிஷத்தில் பானட் ஓரமாக ஆவி கிளம்பியது. டாஷ்போர்டைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. எந்த விளக்கும் எரியவில்லை. பைக்கில் வந்த ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த மூடி குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 120 டிகிரி வரைகூட கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் மொத்தமும் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டுத் தள்ளிக்கொண்டு போனோம். ஹெட் வளையாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

முதலில் போன பட்டறையில் மூன்று வைத்தியம் நடந்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். "நம்ம ஊருக்கு இது தேவையே இல்ல சார், குளிர்நாட்டுக்காரன் கண்டுபிடிச்சது." ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி ஒயர் இழுத்து, சாவி போட்டதும் சுற்றும்படி 'டைரக்ட்' செய்தார்கள். டெம்பரேச்சர் சென்சாரையும் மாற்றினார்கள். இனி ஹீட்டே ஆகாது என்று உத்தரவாதம். உண்மைதான், ஹீட் ஆகவில்லை. மைலேஜ் மட்டும் 12-லிருந்து 11-க்கு இறங்கியது. நீல விளக்கு சிந்தாமணி தாண்டியும் எரிந்தது.

இந்தச் சென்சார் என்ன செய்கிறது என்பதைக் கார்புரேட்டர் காலத்து வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: சோக். மார்கழி அதிகாலையில் சோக் குமிழை இழுத்துவைத்து வண்டியைக் கிளப்புவோம். சூடானதும் உள்ளே தள்ளுவோம். தள்ள மறந்தால் கரும்புகை, பெட்ரோல் நாற்றம், பிளக் கருப்பு. இன்றைய வண்டியில் அந்த வேலையை ஈசிஎம் என்கிற கணினிப் பெட்டி செய்கிறது. சோக்கை எப்போது இழுப்பது, எப்போது தள்ளுவது என்று அதற்குச் சொல்வது கூலன்ட் சென்சார். 'குளிர்ந்திருக்கிறேன்' என்றே சென்சார் சொல்லிக்கொண்டிருந்தால், கத்திரி வெயிலிலும் சோக்கை இழுத்தபடியே வண்டி ஓடும். என் 4 கிலோமீட்டர் போன வழி அதுதான். ஃபேனைச் சுற்றவிடுவதும் சிவப்பு விளக்கை எரியவிடுவதும்கூட இதே சென்சாரின் பேச்சைக் கேட்டுத்தான்.

கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உள்ளே பயறு சைஸில் ஒரு தெர்மிஸ்டர். சாதாரண உலோகக் கம்பியைச் சூடாக்கினால் மின்தடை கூடும். இது நேர்மாறு, சூடாக ஆகத் தடை குறையும். இந்த விசித்திரத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே சில்வர் சல்ஃபைடில் கவனித்து எழுதிவைத்தார். நம் ஊர்க் கார்களில் பரவலாக இருக்கும் வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம்ஸ், 30-ல் 1,700, 60-ல் 600, 90-ல் 240, 120-ல் 110 காட்டும். ஈசிஎம் 5 வோல்ட் அனுப்பி, எவ்வளவு விழுகிறது என்று பார்த்து, தடையைச் சூடாகப் பெயர்த்துக்கொள்கிறது. அதற்கு வெப்பம் தெரியாது, தடைதான் தெரியும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

திருவெறும்பூரில் 1965-லிருந்து பாய்லர் செய்கிறார்கள், பெல் தொழிற்சாலையில். அந்தப் பாய்லர்கள் போய் நிற்கிற அனல்மின் நிலையங்களில், ஆபத்தான இடத்து அளவுகளை ஒரே கருவியை நம்பி விடமாட்டார்கள். மூன்று வைத்து, இரண்டு ஒத்துச்சொல்வதை எடுத்துக்கொள்வார்கள். நம் காரில் பெரும்பாலும் ஒரே சாட்சி. அதனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வேலை மெக்கானிக்குடையது. முதல் பட்டறை விசாரிக்கவே இல்லை, தண்டனை மட்டும் கொடுத்தது.

அரியமங்கலம் பக்கம் இன்னொரு பட்டறைக்குப் போனேன். அறுபது வயதைத் தாண்டிய பாய். பானட்டைத் திறக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாலத்துல ஆவி வந்தப்ப ஏசி போட்டிருந்தீங்களா சார்?"

"இல்ல பாய், மைலேஜ் குறையுதேன்னு அணைச்சு வச்சிருந்தேன்."

"அதான் கொதிச்சிருக்கு. போட்டிருந்தா ஃபேன் சுத்தியிருக்கும்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பெரும்பாலான கார்களில் ஏசி போட்டாலே ஈசிஎம் ஃபேனைச் சுற்றவிடும், கூலன்ட் சூடு எவ்வளவு இருந்தாலும். அதற்கு முந்தைய வாரங்களில் ஏசி போட்டு இதே நெரிசலில் நின்றிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஆக ஃபேன் மோட்டார் நன்றாக இருக்கிறது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. இன்ஜின் சூடாகிவிட்டது என்ற சேதிதான் ஈசிஎம்முக்குப் போகவில்லை. ஒரு ஸ்பேனரைத் தொடாமல் பாதித் தூரம் வந்துவிட்டார்.

"வண்டி ராத்திரி இங்கயே நிக்கட்டும்" என்றார். காலை ஆறரைக்குப் போனேன். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரைச் செருகினார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கூலன்டும் வெளிக்காற்றும் ஒரே சூட்டில்தான் இருக்கவேண்டும். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கத் தனியாக ஒரு சென்சார் உண்டு. அவர் தேடிய இரண்டாவது சாட்சி அது. காற்று 30 என்றது. கூலன்ட் 26 என்றது.

"நாலு டிகிரி. இங்கதான் எல்லாரும் விட்டுருவாங்க."

பிறகு டைரக்ட் செய்த ஃபேன் ஒயரைப் பிடுங்கிவிட்டு இன்ஜினைச் சும்மா ஓடவிட்டார். வெகுநேரம் கழித்து, துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் மீட்டரால் சென்சாருக்குப் பக்கத்து ரப்பர் ஹோஸை அளந்தார். (பளபளக்கும் அலுமினியத்தில் நேராக வைத்தால் அந்த மீட்டர் குறைத்துக் காட்டும். ரப்பரிலோ, கருப்பு டேப் ஒட்டிய இடத்திலோ வைக்கவேண்டும்.) 90-ஐ ஒட்டி வந்தது. ஸ்கேனரில் 63! குளிரில் நாலு டிகிரியாக இருந்த பொய், சூட்டில் 27 டிகிரியாக வளர்ந்திருந்தது.

இன்ஜினை நிறுத்தி, சென்சாரில் ஒயரை இணைக்கும் கப்ளரைக் கழற்றி, சென்சார் பின்கள் இரண்டிலும் மல்டிமீட்டரை வைத்தார். 240 ஓம்ஸ். சென்சார் உத்தமம். என் டாஷ்போர்டு அறையில் கிடந்த பழைய சென்சாரையும் வாங்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்தார். அதுவும் உத்தமம். கப்ளருக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு டெர்மினல் முழுக்கப் பச்சைக் களிம்பு, செப்புக் குடத்தில் பிடிக்குமே, அது. அந்தக் களிம்பு சுமார் 300 ஓம்ஸ் தடையாகக் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள், இதில்தான் விஷயமே இருக்கிறது. காலையில் 30 டிகிரியில் சென்சாரின் தடை 1,700. களிம்பின் 300-ஐக் கூட்டினால் 2,000. ஈசிஎம் அதை 26 டிகிரி என்று படிக்கும், பெரிய வித்தியாசமில்லை. 90 டிகிரியில் 240-உடன் 300 சேர்ந்து 540. படிப்பது 63. பாலத்தின் மேல் 120 டிகிரியில் கொதித்தபோதும் 110-உடன் 300, படித்தது 72 டிகிரி. எவ்வளவு சூடானாலும் கூட்டுத்தொகை 300-க்குக் கீழே இறங்கவே முடியாது. 300 ஓம்ஸ் என்பது ஏறக்குறைய 82 டிகிரி. ஃபேன் சுற்றுவதற்கோ 95-ஐ ஒட்டித் தெரியவேண்டும். இன்ஜின் உருகி ஓடினாலும் என் வண்டியில் ஃபேன் சுற்றியிருக்காது, சிவப்பு விளக்கும் எரிந்திருக்காது. 72 டிகிரி என்பது இயல்பான அளவுக்குள் வருவதால் செக் லைட்டும் பேசாது. பெட்ரோலைக் குடித்ததும் இன்ஜினைக் கொதிக்கவிட்டதும் ஒரே பச்சைக் களிம்பு.

களிம்பு எப்படி வந்தது? "ஆயுத பூஜைக்கு வாட்டர் வாஷ் பண்ணீங்களா?" என்றார். பண்ணினேன். பானட்டைத் திறந்து பிரஷர் தண்ணீர் அடித்து, இன்ஜினுக்கும் பொட்டு வைத்தேன். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சென்சார் கழுத்து வழியாகக் கூலன்ட் கசிந்தாலும் இப்படி ஆகும். ஆனால் இன்ஜின் மேல் பிரஷர் தண்ணீர் அடிப்பதை நான் நிறுத்திவிட்டேன். ஈரத்துணி போதும், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வீட்டிலேயே பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சில நூறு ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்கேனர் கிடைக்கிறது, செல்போனில் படிக்கலாம். காலை ஒப்பீட்டை மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள், சூட்டிலும் பாருங்கள். சென்சாரைக் கழற்றிச் சோதிப்பதானால், சர்வீஸ் புத்தகம் 20 டிகிரி தண்ணீரில் இத்தனை ஓம்ஸ் என்று போட்டிருக்கும். திருச்சிக் குழாயில் சித்திரை மாதம் 20 டிகிரித் தண்ணீருக்கு எங்கே போவது? ஐஸ் கரைகிற தண்ணீர் 0 டிகிரி, கொதிக்கிற தண்ணீர் நம் ஊரில் 100 டிகிரி. இந்த இரண்டு முனையும் போதும். ஊட்டி வாசகர்கள் கொதிநிலையை 92, 93 என்று வைத்துக்கொள்ளவேண்டும், அந்த உயரத்துக்குத் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும்.

ஒயர் முழுசாக அறுந்துபோனால் கதை வேறு, அது சுலபம். திருவானைக்காவலில் ஒரு நண்பரின் வண்டி, அக்னி நட்சத்திரத்தில், கூலன்ட் மைனஸ் 40 டிகிரி என்றது. சைபீரியா! தடை எல்லையில்லாமல் போனால் ஸ்கேனர் காட்டும் அடிமட்ட எண் அது. பி0118 என்ற பிழைக் குறியீடும் வரும். இதற்கு ஈசிஎம் ஏமாறாது. சென்சாரை நம்பாமல் தானாக ஒரு சூட்டை அனுமானித்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை ஓயாமல் சுற்றவிடும். கப்ளரைக் கழற்றி அதன் இரண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பார்க்கவேண்டும். எண் சட்டென்று 130, 140 என்று ஏறினால் ஒயரும் ஈசிஎம்மும் சரி, சென்சார் போய்விட்டது. மைனஸ் 40-லேயே நின்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. நண்பர் வண்டியில் நின்றது. எலி.

இன்னொன்று, இது ஆளையே ஏமாற்றும். கூலன்ட் மொத்தமும் ஒழுகிப்போனால் சென்சார் தண்ணீரில் நனையாமல் வெறும் காற்றில் தொங்கும். அப்போது இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கும். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று இறங்கினால் 'ஆறிவிட்டது' என்று ஓட்டாதீர்கள். ஓரம்கட்டி இன்ஜினை அணையுங்கள்.

பாய் புதுக் கப்ளர் ஒன்றை ஒயரோடு வாங்கி இணைத்தார். தெர்மோஸ்டாட் என் கையில் இருந்தது, அதையும் திரும்பப் போட்டார். டைரக்ட் ஒயரை அறுத்து எறிந்தார். அன்று சாயங்காலம் ஏசி இல்லாமல் பட்டறை வாசலிலேயே இருபது நிமிஷம் ஓடவிட்டோம். 96-ல் ஃபேன் சுற்றியது, 91-ல் நின்றது, மறுபடி சுற்றியது. மைலேஜ் இப்போது 15.5.

உங்கள் வண்டியிலும் யாராவது ஃபேனை டைரக்ட் செய்து கொடுத்திருக்கலாம். காலையில் ஆறிய இன்ஜினில், ஏசி போடாமல், சாவியை மட்டும் போட்டு முன்னால் போய்க் கேளுங்கள். ஃபேன் சத்தம் கேட்டால், எதற்காக அப்படிச் செய்தார்கள் என்று அந்தப் பட்டறையிலேயே விசாரியுங்கள்.

(அடுத்த வாரம்: கழற்றி எறியப்படும் தெர்மோஸ்டாட்)