வளவில் நிற்கும் மரம்: தறிப்பதற்கு முன் அறிய வேண்டியவை

ஊரில் வளவு எமது. அதனுள் நிற்கும் மரமும் எமது. வேலிக் கதியால்களை வெட்டுவதற்கு நாம் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை. ஆயினும் பலா மரத்தைத் தறிப்பதற்கு அனுமதி பெறவேண்டும் என்னும் சட்டம் இலங்கையில் 1951ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது என்பதைப் பலர் அறியார்.

ரொறன்ரோவில் இவ்விதி மிக விரிவானது. இரவு பகலாக இரண்டு வேலை செய்து ஸ்காபரோவில் வீடு வாங்கிய குடும்பத்தினருக்கு, பின்வளவில் நிற்கும் மேப்பிள் மரம் இடைஞ்சலாகத் தோன்றலாம். இலைகள் பீலியை அடைக்கின்றன; கத்தரி, மிளகாய்ப் பாத்திக்கு வெயில் படுவதில்லை. “ஞாயிறு காலையில் வெட்டிவிடலாம், எவருக்கும் தெரியாது” எனத் தெரிந்தவர் ஒருவர் ஆலோசனை கூறுவார். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

2004ஆம் ஆண்டு முதல் நகரம் முழுவதற்கும் பொருந்தும் மாநகரசபை விதியின்படி, தனியார் காணியில் நிற்கும் மரத்தின் விட்டம், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில், 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருப்பின் அதனைத் தறிப்பதற்கு அனுமதிப்பத்திரம் அவசியம். நாலரை அடி உயரத்தில் அளவுநாடாவைச் சுற்றிப் பாருங்கள்; சுற்றளவு 94 சென்ரிமீற்றரை, அதாவது 37 அங்குலத்தை எட்டினால் அம்மரம் விதிக்குள் அடங்கும். வாகனத் தரிப்பிடத்தை அகலமாக்குகையில் வேரை வெட்டுவதும் மரத்தைக் காயப்படுத்துவதாகவே கொள்ளப்படும்.

வீட்டின் முன் வீதியோரத்தில் நிற்கும் மாநகரசபை மரத்திற்கும், பாதுகாக்கப்பட்ட பள்ளத்தாக்குப் பகுதியில் நிற்கும் மரத்திற்கும் அளவு வரம்பே கிடையாது. எல்லையில் அடிமரம் நிற்குமாயின், ஒன்ராறியோ வனச் சட்டத்தின்படி அது இரு வீட்டாருக்கும் பொதுச் சொத்து. அயலவரின் சம்மதமின்றி அதில் கைவைப்பது குற்றமாகும்.

விதியை மீறினால் மரமொன்றுக்கு 500 டொலர் முதல் 100,000 டொலர் வரை தண்டம் விதிக்கப்படலாம். வெட்டியவர் கூலிக்கு வந்தவர் என்பதால் அவரை ஏவிய வீட்டுக்காரர் தப்பிவிட முடியாது. பல ஆண்டுச் சேமிப்பை ஒரு காலைப்பொழுதில் இழக்க நேரிடும்.

விண்ணப்பத்துடன் தகுதிபெற்ற மரவியலாளரின் அறிக்கையையும் கட்டணத்தையும் சமர்ப்பிக்க வேண்டும். இலை உதிர்கிறது என்பதற்காக நலமான மரத்தை வெட்ட எளிதில் அனுமதி கிடைப்பதில்லை. கிடைப்பினும் ஈடாகப் புதிய மரங்களை நடுமாறு பணிக்கப்படுவது வழமை. பட்டுப்போன மரத்திற்கும், உடனடி ஆபத்தை விளைவிக்கும் மரத்திற்கும் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் வெட்டுவதற்கு முன் படங்களுடன் மாநகரசபைக்கு அறிவித்து அதனை உறுதிசெய்து கொள்ளுதல் நன்று. முறைப்படி கிளைகளைக் கத்தரிப்பதற்கும் தடையில்லை. பாத்திக்கு வெயில் வர அதுவே பெரும்பாலும் போதுமானது.

வாடகைக்கு இருப்போர் வீட்டுச் சொந்தக்காரருக்கே முதலில் அறிவிக்க வேண்டும். மார்க்கம் நகரில் வாழ்வோர் அங்கு 20 சென்ரிமீற்றரே வரம்பு என்பதை நினைவிற் கொள்க.

ஐயம் இருப்பின் 311 என்னும் இலக்கத்தை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வெட்டிய மரத்தை மீண்டும் நிறுத்த முடியாது. கேட்பதற்கோ சில நிமிடங்களே போதும்.