தோள் ஒரு பக்கம் ஏறியிருக்கிறதா? முதுகை மறைக்க வேண்டாம், காட்டுவோம்!



கொடுங்கையூர் முத்தமிழ் நகர் பக்கம் உள்ள ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து, உள்கடன் கேட்டவர்களின் விண்ணப்பத்தை ஊக்குநர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு உறுப்பினர் 15,000 ரூபாய் கேட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் 'மருத்துவச் செலவு' என்று மட்டும் இருந்தது. "யாருக்குக்கா? என்ன வைத்தியம்?" என்று ஊக்குநர் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார், பதில் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "பெரிய பொண்ணுக்கு முதுகு வலி மேடம். ஒரு வருஷமா சொல்லிக்கினு இருக்கா. தெரிஞ்சவரு ஒருத்தரு, நாப்பது நாள் எண்ணெ போட்டு இழுத்து விட்டு, பெல்ட்டு கட்டுனா நேராயிடும்னு சொல்றாரு. வெளிய சொல்லிடாதீங்க. மாப்ள பாக்குற நேரம்."

பெண்ணுக்கு 20 வயது. துணி தைக்கும் கம்பெனியில் மிஷின் வேலை. வீட்டுக்குப் போனபோது பின்பக்கம் திரும்பி நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். வலது தோள் இடது தோளை விட உயர்ந்திருந்தது எங்களுக்கே தெரிந்தது. "எந்தச் சுடிதார் போட்டாலும் ஒரு பக்கம் தூக்கிக்கினு நிக்கும். சரியா தைக்கலன்னு டெய்லர்கிட்ட ரெண்டு தடவ சண்டை போட்டேன்" என்றார் அம்மா.

நாங்கள் டாக்டர் இல்லை. ஆனால் ஒன்று சொன்னோம்: "அக்கா, பதினஞ்சாயிரம் அப்புறம் பார்க்கலாம். முதல்ல அரசு ஆஸ்பத்திரியில எலும்பு டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாம்." குழு போக்குவரத்துக்கு 500 ரூபாய் கொடுத்தது. பெயர் போடாமல் எழுதலாம் என்று அந்த அம்மாவும் பெண்ணும் சம்மதித்ததால் இதை உங்களுக்கு எழுதுகிறோம். கொடுங்கையூரில் குடம் தூக்கும் நமக்கும், மீஞ்சூர், சோழவரம் பக்கம் நாற்று நடும் நமக்கும் முதுகு ஒன்றுதானே!

வலி வேறு, வளைவு வேறு

முதலில் இதைத் தெரிந்துகொள்வோம். முதுகுவலி வேறு. முதுகெலும்பு வளைவது வேறு. வலி இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு வளைவு இருக்காது. வளைவு இருக்கும் பல பிள்ளைகளுக்கு வலியே இருக்காது. அதனால்தான் வளைவு கண்ணில் படாமல் போய்விடுகிறது.

முதுகுவலி நம்மில் யாருக்குத்தான் இல்லை? 2020-ம் ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 62 கோடி பேருக்கு இடுப்பு, கீழ்முதுகு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் பெரும்பாலான வலி தசையிலும் மூட்டிலும் வருவது. பயப்பட வேண்டியதில்லை, சில வாரங்களில் குறையும்.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே கொஞ்சம் திருகிக்கொள்வதற்கு 'ஸ்கோலியோசிஸ்' என்று பெயர். நேராக இருக்க வேண்டிய எலும்புத் தொடர் பின்னாலிருந்து பார்த்தால் 'எஸ்' எழுத்து மாதிரி தெரியும். வளர் இளம் பருவத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு 2, 3 பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் லேசாகவே இருக்கும். ஆனால் வளைவு அதிகமாகிக்கொண்டே போவது ஆண் பிள்ளைகளை விட பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். 10 வயதிலிருந்து 15, 16 வயது வரை, மளமளவென்று உயரம் கூடும் காலத்தில்தான் வளைவும் வேகமாகக் கூடும்.

யார் மேல் தப்பு?

யார் மேலும் தப்பு இல்லை. பத்தில் எட்டு பேருக்கு இன்ன காரணம் என்று டாக்டர்களாலேயே சொல்ல முடிவதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே எலும்பு சரியாக உருவாகாததால் வரும். சிலருக்கு நரம்பு, தசை நோயால் வரும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

கர்ப்பமாக இருக்கும்போது கிரகணம் பார்த்ததால் வராது. ஒருக்களித்துப் படுத்ததால் வராது. ஸ்கூல் பையாலோ, இடுப்பில் குடம் வைத்ததாலோ எலும்பு இப்படித் திருகிக்கொள்ளாது. குடமும் பையும் வலியைக் கொடுக்கும், அவ்வளவுதான். இது தொற்று நோயும் இல்லை.

வீட்டிலேயே இரண்டு நிமிடத்தில் பார்ப்பது எப்படி?

கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவோ அக்காவோ மட்டும் பார்த்தால் போதும். பிள்ளையிடம் எதற்கு என்று சொல்லி, அவள் சம்மதத்தோடு பார்க்க வேண்டும்.

1. செருப்பில்லாமல், கால்களைச் சேர்த்து நேராக நிற்கச் சொல்லுங்கள். தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொள்ளட்டும். முதுகு தெரிய வேண்டும்.

2. பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு தோளும் ஒரே மட்டமா? ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா?

3. கைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா? இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கிறதா?

4. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, முழங்காலை மடக்காமல், மெதுவாக முன்னால் குனியச் சொல்லுங்கள். முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடு மாதிரி எழும்புகிறதா?

நான்காவதுதான் முக்கியம். 1865-ல் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் எழுதிவைத்த சோதனை இது. இன்றைக்கும் டாக்டர்கள் முதலில் இதைத்தான் செய்து பார்க்கிறார்கள். ஒரு பக்கம் மேடு தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மட்டும் அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

வட சென்னையில் இருப்பவர்களுக்குப் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. மற்றவர்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ, மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். எலும்பு டாக்டர் பிரிவின் போர்டில் 'முடநீக்கியல்' என்று எழுதியிருக்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது டீச்சரிடம் சொல்லி அவர்களிடமும் காட்டலாம்.

நிற்க வைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் வளைவை டிகிரியில் அளப்பார்கள். 10 டிகிரிக்குக் கீழே என்றால் ஸ்கோலியோசிஸ் கணக்கில் வராது. 10 முதல் 25 வரை என்றால் பொதுவாக சில மாதங்களுக்கு ஒரு முறை வரச் சொல்லிக் கவனிப்பார்கள். வளரும் பிள்ளைக்கு 25-க்கு மேல் 40 வரை என்றால் அளவெடுத்துச் செய்த கவசம் போடச் சொல்வார்கள். இதை 'பிரேஸ்' என்பார்கள். 50 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விட்டால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள்.

கவசம் பலன் தருமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2013-ல் வந்தது. கவசம் போட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு 50 டிகிரியைத் தொடாமல் நின்றது. போடாதவர்களில் அது 48 பேர்தான். அதிக நேரம் போட்டவர்களுக்குப் பலனும் அதிகம். ஆனால் வளர்ச்சி முடியும் முன்னால் போட்டால்தான் பலன். கடையில் விற்கும் இடுப்பு பெல்ட் இந்தக் கவசம் ஆகாது.

வயது 20 தாண்டிவிட்டதே, இனி என்ன?

கொடுங்கையூர்ப் பெண்ணுக்கு எக்ஸ்ரேயில் 24 டிகிரி வந்தது. "வளர்ச்சி முடிஞ்சிருச்சும்மா. இந்த அளவு வளைவு இனிமே பெரும்பாலும் கூடாது. கவசமும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம். இழுத்து விட்டா நேராகாது, யார்கிட்டயும் போகாதீங்க. வலி நீ நாள் முழுக்க குனிஞ்சு உக்கார்றதால வருது" என்று டாக்டர் சொன்னார். பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார். அங்கே சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை அவள் தினமும் காலையில் பாயில் செய்கிறாள்:

* மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குவது. 10 முறை.
* கையையும் முழங்காலையும் ஊன்றி, பூனை மாதிரி முதுகை மேலே வளைத்து, பிறகு கீழே இறக்குவது. 10 முறை.
* மல்லாந்து படுத்து, ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்குக் கொண்டு வந்து கொஞ்ச நேரம் பிடிப்பது.
* தினமும் அரை மணி நேரம் நடப்பது.

பயிற்சி வளைவை நேராக்கிவிடாது. முதுகைத் தாங்கும் தசைக்குப் பலம் கொடுக்கும், வலியைக் குறைக்கும். செய்யும்போது காலில் வலி இறங்கினால் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

வேலை இடத்திலும் மாற்றம் செய்தாள். சூப்பர்வைசரிடம் கேட்டு ஸ்டூலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்கிறாள். நாமும் செய்யலாம். குடத்தை இடுப்பை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குவோம். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோவுக்கு மேல். அதை இரண்டு சின்னக் குடமாக்கி இரண்டு கையிலும் எடுக்கலாம். நாற்று நடும்போது நடுநடுவே நிமிர்ந்து நிற்போம். வலி என்று நாள் கணக்கில் படுத்தே கிடந்தால் வலி கூடும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுவது வேண்டாம், வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும்.

இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது

* காலில் பலம் குறைவது, மரத்துப்போவது
* சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, அல்லது சிறுநீர் வராமல் அடைப்பது
* முதுகுவலியோடு காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் தூங்க விடாத வலி
* விழுந்த பிறகு வந்த கடும் வலி

முதல் இரண்டுக்கும் நான்காவதுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். மூன்றாவது முதுகெலும்பில் வரும் காசநோயாக (டி.பி.) இருக்கலாம். இருமல் இல்லாமலும் இது வரும். இதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். படுத்த படுக்கையாகக் கிடக்காமல், நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிட்டுக் குணமாக முடியும் என்று காட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் சென்னையில் நடந்தது.

கல்யாணம்? குழந்தை?

அந்த அம்மாவின் பயம் இதுதான். டாக்டரிடமும் கேட்டார். வளைவு இருக்கும் பெண்களில் பெரும்பாலானவர்கள் மற்றவர்களைப் போலவே கர்ப்பமாகி, நல்லபடியாகக் குழந்தை பெறுகிறார்கள். கர்ப்பம் ஆனவுடன் டாக்டரிடம் வளைவைப் பற்றிச் சொல்லி, பழைய எக்ஸ்ரேயைக் காட்டிவிட வேண்டும். முதுகில் மயக்க ஊசி போட வேண்டி வந்தால் அது உதவும். வளைவு மிகப் பெரிதாக இருந்தால் மூச்சு, இதயம் எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

வேலை, விளையாட்டும் அப்படித்தான். 2009-ல் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை செய்த உசைன் போல்ட்டுக்கும் இதே ஸ்கோலியோசிஸ் இருக்கிறது. முதுகுக்கும் வயிற்றுக்கும் பலம் தரும் பயிற்சியை அவர் விடாமல் செய்தார்.

15,000 ரூபாய் என்ன ஆனது?

அன்றைக்குக் கிளம்பும் நேரம் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "வீட்ல வேற பொண்ணு இருக்காளா?" இருந்தாள். 12 வயது, ஏழாம் வகுப்பு. ஒரு நாளும் வலி என்று சொன்னதில்லை. அடுத்த வாரம் கூட்டிப்போனார்கள். குனியச் சொன்னபோது வலது பக்கம் மேடு தெரிந்தது. எக்ஸ்ரேயில் 16 டிகிரி. வயதுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, இன்னும் வளர்வாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். கூடினால் கவசம் போட நேரம் இருக்கிறது.

அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுவிட்டார். "பெரியவள மறைச்சு வெச்சிருந்தா சின்னவள பாத்திருக்கவே மாட்டேனே மேடம்" என்றார். அடுத்த கூட்டத்தில் கடன் விண்ணப்பத்தை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பெண் பார்க்க வருபவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. "நானே சொல்லிக்கிறேன்மா" என்கிறாள் பெரியவள். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை.

தோழிகளே, அடுத்த மாதக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். 10 முதல் 16 வயதுப் பெண் பிள்ளை உள்ள ஒவ்வொரு உறுப்பினரும் அந்த வாரத்துக்குள் வீட்டில் குனியச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரை எழுத வேண்டாம். யாருக்காவது மேடு தெரிந்தால் ஊக்குநரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்களும் கூட வருகிறோம்.