ஐந்து மென்பொருள், ஒரு உதவியாளர்: திருத்தணி விடுதிக்கு ஒரு செலவுக் கணக்கு

ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் திருத்தணியில் அறை கேட்டு வரும் அழைப்புகள் குவியும். சென்னைப் பக்கத்தார் தமிழில் கேட்பார்கள். நகரி, புத்தூர்ப் பக்கத்தார் தெலுங்கில் கேட்பார்கள். 1960 ஏப்ரல் 1-இல் ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் கடைவீதியில் இரண்டு மொழியும் புழங்குகின்றன. இங்கே ஒரு சிறு விடுதி, தன் வாட்ஸ்அப், எக்செல், டேலி, மின்னஞ்சல், நாள்காட்டி ஆகிய ஐந்தையும் ஏஐ உதவியாளரோடு இணைத்தால் என்ன செலவாகும்?

இணைப்பு

சந்தையில் 4 உதவியாளர்கள், நம்மிடம் 5 மென்பொருள்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதவேண்டிய இணைப்புகள் 4 × 5 = 20. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி என்ற பொது நெறிமுறையில் இது 4 + 5 = 9 ஆகிறது. 2025 மார்ச்சில் ஓப்பன்ஏஐயும் இதை ஏற்றது.

மொழி

இப்படி மென்பொருளோடு இணைத்துப் பயன்படுத்தும்போது ஏஐ நிறுவனங்கள் பெரும்பாலும் டோக்கன் (சொல்லின் துண்டு) கணக்கில்தான் காசு வாங்குகின்றன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது, ஒரே செய்திக்கு ஆகும் டோக்கன்களைப் பழைய முறையோடு ஓப்பன்ஏஐ ஒப்பிட்டுக் காட்டியது:

தெலுங்கு: 159-லிருந்து 45
தமிழ்: 116-லிருந்து 35
ஆங்கிலம்: 27-லிருந்து 24

பெரிய இறக்கம்தான். இருந்தும் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு, தெலுங்குக்கு ஏறத்தாழ இரு மடங்கு ஆகிறது.

மாதப் பில்

ஒரு மாதிரிக் கணக்கு. நாளுக்கு 60 கேள்விகள், கேள்விக்கு 35 டோக்கன். 5 மென்பொருளிலும் பத்துப் பத்துச் செயல்கள். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று உதவியாளருக்குச் சொல்லும் விளக்கத்துக்கு 150 டோக்கன். மொத்தம் 7,500. இந்த விளக்கம் முழுவதும் வழக்கமாக ஒவ்வொரு கேள்வியோடும் இரண்டு முறை போகும். எந்தச் செயல் வேண்டும் என்று முடிவெடுக்க ஒரு முறை, கிடைத்த விவரத்தைப் படிக்க இன்னொரு முறை.

7,535 × 2 × 1,800 கேள்விகள் = மாதம் சுமார் 2 கோடியே 71 லட்சம் டோக்கன். ஜிபிடி-4ஓவின் அறிமுக விலை, உள்ளீட்டில் 10 லட்சம் டோக்கனுக்கு 5 டாலர். டாலர் ரூ.90 என்றால் சுமார் ரூ.12,200. 2024 ஜூலையில் வந்த ஜிபிடி-4ஓ மினியின் அறிமுக விலையான 0.15 டாலரில் அதே வேலைக்குச் சுமார் ரூ.366.

அறைப் பதிவு எக்செலை மட்டும், 3 செயல்களோடு இணைத்தால் விளக்கம் 450 டோக்கனில் முடியும். ஜிபிடி-4ஓவிலேயே மாதம் சுமார் ரூ.786. பதிலுக்கும், மென்பொருளிலிருந்து கிடைக்கும் விவரத்துக்குமான கட்டணம் இவற்றில் சேரவில்லை. திரும்பத் திரும்ப அனுப்பும் பகுதிக்கான கேச் தள்ளுபடியும் கழிக்கப்படவில்லை.

பக்தர் கேட்கும் 35 டோக்கனுக்காக நாம் 7,500 டோக்கனைச் சுமந்து அனுப்புகிறோம். பில் ஏறுவது இங்கேதான்.

அனுமதி

மாதப் பில்லில் அடங்காத செலவும் உண்டு. விடுதிக் கணினியில் விருந்தினரின் ஆதார் நகல்கள் இருக்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதத்துக்கு இடம் தருகிறது. அந்த ஃபோல்டரை எந்த உதவியாளருக்கும் திறந்துவிடக் கூடாது. 'படிக்க மட்டும்' அனுமதி கொடுத்தால், திருவிழா நாளில் தவறான அறையை ரத்து செய்யும் ஆபத்தும் இல்லை.

ஆகவே விடுதிக்காரர்களே, அறைப் பதிவு ஒன்றை மட்டும், படிக்கும் அனுமதியோடு முதலில் இணையுங்கள். ஒரு மாதப் பில்லைப் பார்த்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.